வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர் தளர்ந்துபோகாமல் இருக்க: சித்தூர் எல்லைப்புறக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

படுத்த படுக்கையான தாயையோ நினைவு தப்பிய தந்தையையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவரின் மனநலம் பற்றிப் பேச்சு எழுந்தால், மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், நல்லதையே நினையுங்கள், பாரத்தைக் கடவுளிடம் போடுங்கள் என்றுதான் அறிவுரைகள் தொடங்குகின்றன. இவற்றில் எதையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சித்தூர் வட்டாரத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்து வீடுகளுக்குப் பாலியேட்டிவ் (நோய்த்தணிப்பு) செவிலியருடன் தன்னார்வலராகச் சென்று வருகிற எனக்குத் தெரிந்தவரை, இரவில் பலமுறை எழுந்து, விடியற்காலையில் விரிப்பு மாற்றிக் கஞ்சி ஊட்டிவிட்டு, தோப்புக்கோ கம்பெனிக்கோ வேலைக்கும் போகிற ஒருவருக்கு முதலில் வேண்டியது ஆறுதல் இல்லை, ஆள். இன்னொரு ஆளும் சில மணி நேரத் தூக்கமும் கிடைத்த பிறகுதான் மற்ற எந்த யோசனையும் அவரிடம் பலிக்கும். அதனால் இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

உங்கள் நிலையை அளந்துகொள்வது

தளர்ச்சி ஒரே நாளில் வருவதில்லை. வந்தாலும் அதைத் தளர்ச்சி என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லை. இடுப்பு வலிக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வருகிறது, டி.வி. முன்னால் உட்கார்ந்தாலும் மனம் பதியவில்லை என்று உடம்பின் மேல் பழியைப் போட்டுப் பேசுவதே நம் வழக்கம். தங்கள் சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் அடிக்கடி மறக்கிறவர்கள், மாமியாரின் மாத்திரையில் ஒரு வேளைகூடத் தவறவிடாதவர்களாக இருப்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் செவிலியர் பாட்டிக்கு இரத்த அழுத்தம் பார்த்து முடித்து, கருவியை மடிக்காமல் மருமகளின் பக்கம் திரும்பிக் கையை நீட்டச் சொன்னார். “எனக்கெதுக்குங்க, அத்தைக்குப் பாத்தாப் போதும்” என்று அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே பின்வாங்கினார். வற்புறுத்திப் பார்த்தபோது, அன்றைக்கு மருத்துவரிடம் போக வேண்டியவர் படுக்கையில் இருந்தவர் இல்லை, நின்றுகொண்டிருந்தவர்தான் என்பது தெரிந்தது.

இது வெறும் மனப்பிரமை இல்லை என்பதற்கு நல்ல சான்று உண்டு. அமெரிக்காவின் ஒஹையோவில் நடத்தப்பட்டு 1995-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மறதிநோய் கண்ட உறவினரைப் பராமரித்துவந்த 13 பெண்களுக்கும், அவர்களுக்கு ஒத்த வயதில் அப்படிப்பட்ட பொறுப்பு இல்லாத 13 பெண்களுக்கும் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு காயம் ஏற்படுத்திக் கவனித்தார்கள். மற்றவர்களுக்குச் சராசரியாக 39.3 நாளில் ஆறிய காயம், பராமரிப்பவர்களுக்கு ஆற 48.7 நாள் ஆனது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் மனத்தின் பாரம் தோல்வரைக்கும் இறங்கும் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டியது குறைவு.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. ஒரு வாரத்துக்குக் காலண்டர் தாளிலேயே மூன்று விஷயங்களைக் குறித்து வையுங்கள்: இரவில் தொடர்ந்து எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், உட்கார்ந்து எத்தனை வேளை சாப்பிட்டீர்கள், எப்போதெல்லாம் குரலை உயர்த்தினீர்கள். இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாட்களில் மனம் இருண்டே இருந்தாலோ, முன்பு பிடித்த எதிலும் பிடிப்பு இல்லாமல் போனாலோ அது அலுப்பு என்ற கட்டத்தைத் தாண்டியிருக்கக்கூடும். மருத்துவரிடம் சொல்ல வேண்டிய நிலை அது. கேரளத்தில் குடும்ப ஆரோக்கிய மையங்களாக உயர்த்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வைக் கண்டறிவதற்கென்றே ‘ஆஸ்வாசம்’ என்ற பிரிவு இருக்கிறது. அம்மாவுக்கு மருந்து வாங்கப் போகும் அதே இடம்தான். தனியாக எங்கும் அலைய வேண்டியதில்லை.

இரவைச் சரிசெய்யாமல் பகல் சரியாகாது

நான் முதலில் கேட்கும் கேள்வி எப்போதும் இரவைப் பற்றியதுதான். படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பது பொது விதி. வாட்டர் பெட் போட்டிருந்தாலும் புரட்டுவதை விட்டுவிட முடியாது. ஆனால் எல்லா நோயாளிக்கும் ஒரே இடைவெளி தேவைப்படுவதில்லை. தோலின் நிலையைப் பார்த்து, இரவில் இடைவெளியைக் கூட்டலாமா என்று செவிலியரிடம் கேளுங்கள். நீங்களாக முடிவு செய்யாதீர்கள். நீர் பிரிவதற்கான மாத்திரையை மாலையில் கொடுத்துக்கொண்டிருந்தால், அதைக் காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சில வீடுகளில் இந்த ஒரு மாற்றத்தாலேயே இரவில் எழும் தடவை குறைந்திருக்கிறது.

மறதிநோய் உள்ளவர்களுக்குப் பொழுது சாயும் நேரத்தில் பதற்றம் கூடுவது வழக்கம். இருந்த வீட்டிலேயே இருந்துகொண்டு “வீட்டுக்குப் போகோணும்” என்று வாசலைப் பார்த்து நடக்கத் தொடங்குவார்கள். இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போடுங்கள். மாலைக்குப் பிறகு காப்பி வேண்டாம். பகலில் நெடுநேரம் தூங்கவிடாமல் திண்ணையிலாவது உட்காரவையுங்கள். இது உங்கள் வீடுதான் என்று வாதாடுவதைவிட, காப்பித் தோட்டத்திலோ வண்டிப்பாதையிலோ அவர் இருந்த பழைய வீட்டைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இரண்டு சுற்று நடத்திக் கூட்டி வருவது எளிது.

இரவில் கவனிக்க வேண்டியிருந்தால் அதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: படுக்கப் போனதிலிருந்து இரண்டு மணிவரை ஒருவர், அதன் பிறகு ஒருவர். தன் முறை இல்லாதவர் வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும். “நானும் இங்கேயே படுத்துக்கிறேன்” என்பது அன்பாகத் தோன்றும். கடைசியில் இருவருமே தூங்காமல் போவார்கள். வீட்டில் ஒருவரே இருந்தால், வாரத்தில் ஓர் இரவாவது வேறு ஒருவர் வந்து படுக்கும் ஏற்பாட்டைச் செய்தே ஆக வேண்டும். அது எப்படி என்பதுதான் அடுத்தது.

உடன்பிறந்தவர்களிடம் கேட்பது

இதுதான் எல்லாவற்றிலும் கடினம். எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பம் இரண்டு மாநிலத்தில் பரவி இருப்பது சாதாரணம்: அம்மா கொழிஞ்சாம்பாறையில், மூத்தவர் திருப்பூரில், அக்கா பொள்ளாச்சிப் பக்கம், இளையவர் பெங்களூரில். தூரத்தில் இருப்பவர்கள் நாள்தோறும் போனில் விசாரிக்கிறார்கள். சாப்பிட்டாங்களா, டாக்டரிடம் காட்டினாயா, ஏன் இளைத்துவிட்டார்கள் என்கிறார்கள். கேட்பவருக்கு அது அக்கறை. காலையிலிருந்து மூன்றாவது முறையாகத் துணி மாற்றிய கையோடு போனை எடுப்பவருக்கு அது மேற்பார்வை. இந்தக் கசப்பு சொல்லப்படாமலே தடித்து, பிறகு ஒரு கல்யாண வீட்டிலோ துக்க வீட்டிலோ வெடிக்கிறது.

“யாருமே எனக்கு உதவுவதில்லை” என்று சொன்னால் எதிரில் இருப்பவர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். நாளும் வேலையும் குறித்துக் கேளுங்கள். “அண்ணா, மாசாமாசம் ரெண்டாவது சனிக்கிழமை காலைல வந்துட்டு ஞாயித்துக்கிழமை பொழுதோட போங்க. அந்த ரெண்டு நாளும் அம்மாவ நீங்கதான் பாக்கோணும்” என்று ஒரு தங்கை கேட்டதற்கு அந்த அண்ணனால் மறுக்க முடியவில்லை, அதுவரை அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதே இல்லை என்பதும் பிறகு தெரிந்தது. அவர் வரும் நாளில் நீங்கள் வீட்டில் இருக்காதீர்கள். இருந்தால் ஐந்து நிமிடத்தில் வேலை உங்கள் கைக்கே திரும்பி வந்துவிடும். அவர் உங்கள் அளவுக்குச் சுத்தமாகச் செய்யமாட்டார், சோற்றைக் குழைக்காமல் கொடுப்பார், விரிப்பைச் சுருக்கங்களோடு விரிப்பார். விழுங்குவதில் சிக்கல், மருந்து அளவு, புரட்டும் முறை ஆகியவற்றை மட்டும் கட்டாயம் காட்டிக் கொடுத்துவிட்டு மற்றதை விட்டுவிடுங்கள்.

வர முடியாதவரிடம் பணம் கேட்பதில் கூச்சம் வேண்டாம். டயப்பர், மருந்து, ஆட்டோ, ஹோம் நர்ஸ் சம்பளம் என்று மாதச் செலவை ஒரு நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் பாதி விவாதம் அங்கேயே அடங்கும். சொத்துப் பேச்சைப் பராமரிப்புப் பேச்சோடு கலக்காமல் இருக்க முடிந்தால் நல்லது. முடியாது என்றால், அம்மா தெளிவாக இருக்கும்போதே அவர் முன்னிலையிலேயே பேசிவிடுங்கள். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இல் வந்தது. அதன்படி தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பித்தால், பராமரிக்கத் தவறும் பிள்ளைகள் மாதம் 10,000 ரூபாய்வரை கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட இடம் உண்டு. இதைத் தெரிந்து வைத்திருங்கள். ஆனால் முதல் பேச்சிலேயே எடுத்து வீசாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். “மகன் அம்மாவைத் தங்கமாகப் பார்த்துக்கொள்கிறான்” என்று ஊர் பாராட்டும் வீடுகளில் பெரும்பாலும் குளிப்பாட்டுவதும் மலம் எடுப்பதும் மருமகளின் கை. பெயர் ஒருவருக்கு, வேலை ஒருவருக்கு என்ற இந்த ஏற்பாடு மருமகளை இரண்டு வகையில் வதைக்கிறது: களைப்பு ஒன்று, அந்தக் களைப்பைப் பார்க்க ஆள் இல்லை என்பது மற்றொன்று. மகன்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் தாயின் உடம்பைத் துடைப்பது உங்களுக்குக் கூச்சமாக இருக்கிறதென்றால், வேறு வீட்டிலிருந்து வந்த பெண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். செவிலியர் வரும் நாளில் அருகில் நின்று கற்றுக்கொள்ளுங்கள்.

கோபமும் குற்றவுணர்ச்சியும்

ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கும் தந்தையிடம் எரிந்து விழுவது, பிறகு அடுக்களையில் போய் அழுவது, இரவில் “இவர் போய்ச் சேர்ந்தால் தேவலை” என்று தோன்றுவது, தோன்றியதற்காகவே தன்னைப் பாவி என்று சபித்துக்கொள்வது: இந்தச் சுற்றில் அகப்படாத பராமரிப்பாளரை நான் பார்த்ததில்லை. அந்த எண்ணம் வருவதாலேயே உங்கள் அன்பு பொய் ஆகிவிடாது. முடிவை விரும்புவது பெரும்பாலும் அந்த மனிதரின் முடிவை விரும்புவது இல்லை. அவர் படும் வேதனைக்கும் உங்கள் தூக்கமின்மைக்கும் ஒரு முடிவை விரும்புவதே. இதை உறவுக்கு வெளியே உள்ள ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது. உறவுக்காரரிடம் சொன்னால் அது ஊர் சுற்றி வேறு உருவத்தில் திரும்பி வரும்.

கோபம் ஏறும் அந்தக் கணத்தில் செய்ய வேண்டியது: கட்டிலின் தடுப்பை ஏற்றிவிட்டோ, நாற்காலியில் பத்திரமாக உட்காரவைத்துவிட்டோ, வாசலுக்கு வந்து முகம் கழுவிவிட்டுத் தெருவைப் பார்த்து நில்லுங்கள். விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். கை ஓங்கிவிடுவோமோ என்ற பயம் ஒருமுறை வந்துவிட்டால், அது உங்கள் குணத்தைப் பற்றிய தீர்ப்பு இல்லை. அன்றைக்கே ஆள் மாற்ற வேண்டும் என்பதற்கான அறிகுறி. பக்கத்து வீட்டாரையோ, வார்டின் சுகாதார உதவியாளரான ஆஷா பணியாளரையோ கூப்பிட்டு, ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லிவிட்டு வெளியே போங்கள்.

மறதிநோயில் மிகவும் புண்படுத்துவது திருட்டுப் பழி. “என் சுருக்குப் பையை எடுத்துட்டே” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லும் தாயிடம், எடுக்கவில்லை என்று நிரூபிக்கப் பார்க்காதீர்கள். அந்த வழக்கில் உங்களால் வெல்லவே முடியாது. “வாங்க, தேடலாம்” என்று சேர்ந்து தேடுங்கள். சில்லறை போட்டு அதே மாதிரி இன்னொரு பை தயாராக இருந்தால் இன்னும் நல்லது. அக்கம்பக்கத்தாரிடம் மட்டும் இது நோயின் போக்கு என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

தந்தை இளமையில் குடித்துவிட்டு அடித்தவராகவோ, மாமியார் ஒருநாளும் நல்ல வார்த்தை சொல்லாதவராகவோ இருந்திருக்கலாம். இப்போது அவர்கள் தளர்ந்துவிட்டார்கள் என்பதற்காகப் பழையது மறைந்துவிடாது. மறந்துவிட வேண்டும் என்று உங்களை யாரும் கட்டாயப்படுத்தவும் கூடாது. வேளைக்குச் சோறு, சுத்தமான படுக்கை, வலிக்கு மருந்து, மரியாதையான பேச்சு ஆகியவற்றைப் பாசம் இல்லாமலும் கொடுக்க முடியும். பாசம் வரவில்லையே என்று வருந்துவதை நிறுத்தியவர்கள் கொஞ்சம் இலேசாவதை நான் கண்டிருக்கிறேன்.

ஆள் கண் முன்னே இருக்க, அவர் நம்மை அடையாளம் காணாமல் போவதும் ஓர் இழப்புத்தான். ஊரார் துக்கம் விசாரிக்க வராத துக்கம் அது. கேரளத்தில் 1992-இல் தொடங்கப்பட்ட இந்திய அல்சைமர் மற்றும் தொடர்புடைய நோய்கள் சங்கம் இப்படிப்பட்ட குடும்பங்களுக்கென்றே வேலை செய்கிறது. அதே அனுபவம் உள்ளவரோடு பேசும்போது பாதிக் கதையைச் சொல்லவே வேண்டியிருக்காது.

எல்லையின் இருபுறமும் உள்ள உதவிகள்

‘பாலியேட்டிவ்காரர்கள் வீட்டுக்கு வந்தால் கடைசிக்காலம்’ என்ற நம்பிக்கை தமிழ்க் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. அதனாலேயே பலர் அவர்களை மிகத் தாமதமாகக் கூப்பிடுகிறார்கள். 1993-இல் கோழிக்கோட்டில் ஒரு சிறு சங்கமாகத் தொடங்கிய இந்த முயற்சி, 2008-இல் கேரள அரசின் கொள்கையாகவே ஆனது. இன்று பஞ்சாயத்துத் தோறும் செவிலியர் வீடு தேடி வருகிறார். புற்றுநோய்க்கு மட்டும் என்றில்லை. பக்கவாதம், முதுமைத் தளர்ச்சி ஆகியவற்றுக்கும் வருவார்கள். உங்கள் வார்டு ஆஷா பணியாளரிடமோ பஞ்சாயத்து மெம்பரிடமோ சொல்லிப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். அவர்கள் வரும் நாள் நோயாளிக்கு மட்டுமானது இல்லை. உங்கள் கேள்விகளையும் எழுதி வைத்திருங்கள்.

முழுநேரமும் ஒருவர் உடன் இருந்தே ஆக வேண்டிய நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்குக் கேரள அரசு ‘ஆஸ்வாசகிரணம்’ திட்டத்தில் மாதம் 600 ரூபாய் கொடுக்கிறது. வருமான வரம்பு உண்டு. அங்கன்வாடியில் கேட்டால் விவரம் கிடைக்கும். பணம் மாதாமாதம் வந்து சேராமல் நிலுவையில் நிற்பதும் உண்டு, ஆகையால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஆனாலும் விண்ணப்பியுங்கள். நீங்கள் செய்வது வேலை என்று அரசாங்கக் காகிதத்தில் பதிவாவது சிறிய காரியம் இல்லை. சில ஊர்களில் உள்ளாட்சி நடத்தும் பகல்வீடு உண்டு. நடமாட்டம் உள்ள பெற்றோரைப் பகலில் அங்கே விடலாம்.

அம்மா கோபாலபுரத்தைத் தாண்டி அக்கா வீட்டில் இருக்கும் மாதங்களில், 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய தமிழ்நாட்டின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை மாத்திரை கொடுக்கிறது. இயன்முறைச் சிகிச்சையும் நோய்த்தணிப்புச் சேவையும் அதில் அடக்கம். இரண்டு பக்கமும் மாறி மாறி இருப்பவர்களுக்கு ஒரு முக்கியமான யோசனை: கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் மூலப்பெயரையும் அளவையும் ஒரே தாளில் எழுதி, பழைய டிஸ்சார்ஜ் சீட்டுகளோடு ஒரு பையில் போட்டு அம்மாவுடனேயே அனுப்புங்கள். பாலக்காட்டு மருத்துவரும் கோவை மருத்துவரும் ஒரே மருந்தை வேறு வேறு பெயரில் எழுதி, இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடும் ஆபத்து இதனால் குறையும். ராத்திரி பத்து மணிக்கு வரும் பதற்றமான போன்களும் குறையும்.

ஹோம் நர்ஸ் வைப்பதானால், வருகிறவர் பெரும்பாலும் மலையாளம் மட்டும் பேசுகிறவராக இருப்பார். தமிழ் தவிர வேறு தெரியாத பாட்டிக்கு அது புது ஊர்போல இருக்கும். முதல் சில நாள் நீங்கள் உடன் இருந்து, எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பார், வெந்நீர் எந்தச் சூட்டில் வேண்டும், முகத்தைச் சுளித்தால் எதற்கு என்பதையெல்லாம் காட்டிக் கொடுங்கள். வந்தவரையும் வீட்டு மனுசியாக நடத்துங்கள், அவரும் பராமரிப்பவர்தான்.

எந்த நேரத்திலும் பேசுவதற்கு 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண் இருக்கிறது. 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய இந்தச் சேவை இரண்டு மாநிலத்திலும் இலவசம். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். முதியோர் தொடர்பான தகவலுக்கும் புகாருக்கும் 14567. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் உங்களுக்கு வந்தாலோ, இருவரும் சேர்ந்து போய்விடலாம் என்று தோன்றினாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம்; அப்போதே 14416-ஐ அழையுங்கள், வீட்டில் உள்ள ஒருவரை எழுப்பிச் சொல்லுங்கள், பூச்சிமருந்தையும் மிச்சமுள்ள மாத்திரைகளையும் அவர் கையில் கொடுத்து அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். தோப்பு வைத்திருக்கும் வீடுகளில் பூச்சிமருந்து டப்பா கைக்கெட்டும் இடத்தில் கிடப்பதை நான் எப்போதும் எச்சரிப்பதுண்டு.

உங்களுக்கென்று உள்ள பொழுது

கல்யாணத்துக்குப் போகாமல், சீட்டுக் கூட்டத்துக்குப் போகாமல், குடும்பஸ்ரீ மகளிர் குழுக் கூட்டத்தையும் விட்டுவிட்டு வீட்டோடு அடைந்துகிடப்பது தியாகம் இல்லை. வாரத்தில் ஒரு பொழுது, நாளும் நேரமும் முன்பே குறித்து, வெளியே போங்கள். கோயிலோ, தங்கை வீடோ, சும்மா கடைவீதியோ எதுவாகவும் இருக்கலாம். மருந்துக்கடை மட்டும் அந்தக் கணக்கில் சேராது. வேலையை விட்டுவிடலாமா என்று யோசிப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். சம்பளத்தைத் தவிர, நோயைப் பற்றிப் பேசாத மனிதர்களை நீங்கள் பார்க்கும் ஒரே இடம் அதுவாக இருக்கலாம்.

பெற்றோரின் காலம் முடிந்த பிறகும் உடம்பு பழைய முறைப்படியே இரவு இரண்டு மணிக்கு விழிக்கும்; பகல் நீண்டு கிடக்கும்; நிம்மதியும் வரும், நிம்மதி வந்ததற்கு வெட்கமும் வரும். காரியங்கள் முடிந்து சில வாரத்தில் வாட்டர் பெட்டையும் சக்கர நாற்காலியையும் சுகாதார நிலையத்தில் திருப்பிக் கொடுக்கப் போவீர்கள். வேறு யார் கையிலும் கொடுத்தனுப்பாமல் நீங்களே போங்கள். அன்றைக்கே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொண்டு, ஆஸ்வாசம் பிரிவிலும் பெயரைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.